பிள்ளையாருக்கு அடுத்த ஜாதகம்

சேவல்பாளையம் பஸ் ஸ்டாண்டை ஒட்டி, ஒரு பக்கம் பரோட்டாக் கடையும் மறுபக்கம் பஞ்சர் கடையும் நெருக்க, நடுவில் ஒடுங்கிக் கிடந்த கலாமணியின் கம்ப்யூட்டர் ஜாதக நிலையத்தில், அறுபத்தாறு மெகாஹெர்ட்ஸில் ஆடி அசைந்து ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தைத் திறந்து, புது ப்ராசஸர் ஒன்றைப் பொருத்தி, மதர்போர்டில் அரிசி அளவே இருந்த ஜம்பரை ஒரு முள்ளிலிருந்து பிடுங்கி அடுத்த முள்ளில் செருகி, வேகத்தை நூறுக்கு ஏற்றிவிட்ட அந்த ஆவணி மாதத்திலிருந்துதான் ஊரில் ஒருத்தர் தலையெழுத்து அடுத்தவர் தலையில் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது.

ஜாதகம் பலித்தது அதிசயமில்லை. கலாமணி அடித்துக் கொடுத்த ஜாதகம் என்றைக்கும் பலிக்கத்தான் செய்தது. தாளில் அச்சானது நடக்கும், அச்சாகாதது நடக்காது, மை மங்கலாக விழுந்தால் அரைகுறையாக நடக்கும். ரிப்பன் தேய்ந்துபோயிருந்த ஓர் ஆடி மாதத்தில் ஜாதகம் வாங்கியவர்களுக்கு இன்றுவரை எதுவும் முழுசாக நடந்ததில்லை என்பதால், "ரிப்பன் மாத்திட்டியா அம்மிணி" என்று கேட்டுவிட்டுத்தான் சனங்கள் பிறந்த நேரத்தையே சொல்வார்கள். இதெல்லாம் ஊருக்குப் பழகிப்போன சங்கதி.

பழகாமல் இருந்தது இயந்திரத்தின் மெத்தனம்தான். ஜாதகம் கேட்டு வந்தவர் பக்கத்துக் கடைக்குப் போய்ப் பரோட்டாத் தின்று, கை கழுவி, மனசு கேட்காமல் இன்னொரு செட் சொல்லித் தின்று திரும்பி வந்தாலும் இயந்திரம் அப்போதுதான் ராகுவைத் தேடிக்கொண்டிருக்கும். முகூர்த்தக் காலத்தில் கூட்டம் பஸ் நிற்கிற இடம்வரை நீளும். தறிப்பட்டறை முதலாளியும் ஊராட்சித் தலைவருமான செங்கோடப்பன், "இந்த வேகத்துல நீ பொருத்தம் பாத்தீன்னா மாப்பிள்ளைக்கு நரை தட்டிரும் அம்மிணி, ஏதாச்சும் பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார். கலாமணி எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்க் கோயமுத்தூருக்குப் போன் போட்டு மெக்கானிக் சென்னியப்பனை வரச் சொன்னாள்.

அவனை வரச் சொல்ல அவளுக்குக் காரணம் கிடைத்தால் போதும். தோள்பையில் உதிரி பாகங்களும், காதில் பென்சில் செருகுகிற இடத்தில் ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவருமாகப் பஸ்ஸைவிட்டு இறங்குகிற சென்னியப்பன், விசைப்பலகையைத் தொடுமுன் பஞ்சர் கடைத் தொட்டியில் கை கழுவிக்கொள்வதும், "ஏனுங்க" என்று ஆரம்பித்துவிட்டு, சொல்ல வந்ததை விட்டுவிட்டு மின்விசிறியைப் பற்றிப் பேசுவதும் அவளுக்குப் பிடித்திருந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிரிண்டருக்கே அவள் இரண்டு தடவை இல்லாத சீக்குச் சொல்லி அவனை வரவழைத்திருக்கிறாள். அவனும் ஒன்றுமில்லாத பிரிண்டரை அரைநாள் பிரித்துப் போட்டு அரைநாள் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். இரண்டு பேருக்கும் முப்பது தாண்டிவிட்டது, இரண்டு பேருக்கும் வாயில் வார்த்தை வராது.

வேகம் ஏற்றிய அன்றைக்கும் வழக்கப்படி பிள்ளையார் ஜாதகத்தைத்தான் முதலில் அடித்தாள். தினமும் கடை திறந்ததும் அவருக்கொரு ஜாதகம் அடிக்காமல் கலாமணி இன்னொருத்தர் பேரைத் தட்டமாட்டாள். தட்டினாலும் ஊர் விடாது. ஆவணி வளர்பிறைச் சதுர்த்தி, உச்சிப்பொழுது என்று கொடுப்பாள். பிறந்த ஊர் கைலாசம் என்று அடித்தால் அப்படியொரு ஊர் பட்டியலில் இல்லை என்று இயந்திரம் தகராறு செய்ததால், சேவல்பாளையம் என்றே கொடுத்துப் பழகிவிட்டாள். அதனால் பிள்ளையார் உள்ளூர்க்காரராகி, இன்னும் கொஞ்சம் உரிமையோடு ஊரைப் பார்த்துக்கொண்டார்.

பிள்ளையார் ஜாதகம் கண்மூடித் திறப்பதற்குள் வந்து விழுந்தது. "இன்னொண்ணு போட்டுப் பாருங்க" என்று சென்னியப்பன் சொல்ல, சோதனைக்குத்தானே என்று கலாமணி தன் பேரையே தட்டினாள். அதுவும் விழுந்தது. படித்துப் பார்க்க நேரமில்லாமல் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அடுத்து நாச்சிமுத்து தன் காங்கேயம் காளைக்கு ஜாதகம் வாங்கினான். அதற்கடுத்து வங்கி மேனேஜர் வரதராஜன், ஊருக்குப் புதிது, மாற்றல் எப்போது வரும் என்று தெரிந்துகொள்ள வாங்கினார்.

மறுவாரம் பக்கத்து ஊர் ரேக்ளா பந்தயத்தை வேடிக்கை பார்க்கப் போன மேனேஜர், கொடி அசைந்ததும் தன்னை அறியாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடுகளோடு மாடாக ஓடி முதல் பரிசு வாங்கினார். கழுத்தில் மாலையோடு அவரை மேளதாளமாக ஊருக்குக் கூட்டிவந்தார்கள். "எப்புடீங்க இந்த ஓட்டம்?" என்று கேட்டதற்கு, "தெரியலை, ரெண்டு நாளா பருத்திக்கொட்டை மேல ஆசையா இருக்கு" என்றார். காளைக்கோ ஓட்டத்தோடு வேறொரு குணமும் சேர்ந்திருந்தது. கோயமுத்தூர் பஸ் வரும் நேரமானால் நுகத்தடியையும் மறந்து ரோட்டோரமாகப் போய் நின்றுகொண்டு, இறங்குகிறவர்கள் முகத்தையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டுத் திரும்பியது. அது யாரிடமிருந்து அதற்குப் போனது என்று கலாமணிக்குப் புரிந்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஊருக்குச் சூட்சுமம் பிடிபட அதிக நாள் ஆகவில்லை. இயந்திரம் வேகத்தில் முன்னால் நின்றவரின் ஒரு கட்டத்தைப் பின்னால் நிற்பவருக்கும் சேர்த்துப் போட்டுவிடுகிறது, முன்னவருக்கும் அதனால் குறைவில்லை என்று தெரிந்ததும் யாரும் கலாமணியிடம் சண்டைக்கு வரவில்லை, ஐயோ என்று வாயில் அடித்துக்கொள்ளவில்லை. வரிசையில் யாருக்குப் பின்னால் நிற்பது என்கிற ஒரே யோசனையில் மூழ்கிப்போனார்கள். செங்கோடப்பனுக்குப் பின்னால் நிற்க அடிதடி நடந்தது. அவர் பல்விளக்கப் போனாலும் பின்னால் நாலு பேர் நின்றார்கள். ஏழரைச் சனி நடக்கிற கோழிப்பண்ணை வேலுமணி வரிசைக்கு வந்தால் வரிசையே கலைந்து டீக் குடிக்கப் போய்விடும். பின்னால் நிற்க ஆளில்லாமல் அவருக்கு அடிக்க ஊர் விடாது; பாவம், அவர் ஓர் ஆளைத் தேடித் தேடிக் கடைசியில் ஊருக்கு இளநீர் ஏற்ற வந்த வெளியூர் லாரியின் ஜாதகத்தை அடித்து நிறுத்தினார். அந்த லாரி இன்னும் செக்போஸ்டில்தான் நிற்கிறது.

பிள்ளையாருக்கு அடுத்த இடத்தில் மட்டும் ஊர்ப் பொதுக்கிணற்றின் ஜாதகத்தைத் தினமும் அடித்தார்கள். சாமியின் கட்டம் மனுஷருக்கு எதற்கு, கிணற்றுக்குக் கல்யாணம் ஆகாவிட்டால் யாருக்கு நட்டம் என்பது செங்கோடப்பனின் தீர்ப்பு. கிணற்றுக்குப் பின்னால் நின்ற டீக்கடைக்காரருக்கு அன்றிலிருந்து பால் கேன் வற்றவேயில்லை. டீதான் கொஞ்சம் தண்ணியாக இருந்தது. ஒருத்தரே திரும்பத் திரும்ப வந்து ஆள் மாற்றி ஆள் பின்னால் நின்று தலையெழுத்தைத் திருத்திக்கொள்ளப் பார்த்ததால், மனுஷருக்கு இனி ஆயுளுக்கு ஒரு ஜாதகம்தான் என்று ஊராட்சியில் தீர்மானம் போட்டார்கள். கை தூக்கியவர்களில் கலாமணியும் ஒருத்தி. தூக்கிய கையை வெட்டிக்கொள்ளலாமா என்று பிற்பாடு அவள் நினைத்தாள்.

ஏனென்றால் அந்த வாரம்தான் காங்கேயத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை மில்லில் சூபர்வைசர். கலாமணி காப்பித் தட்டோடு வந்து நின்றதும் அவர் எழுந்தார். காப்பியை எடுக்கப்போகிறார் என்று எல்லோரும் நினைக்க, அவர் இரண்டு கையாலும் நெற்றிப்பொட்டில் குட்டிக்கொண்டு, கைகளை மாற்றிக் காதைப் பிடித்து, பயபக்தியோடு தோப்புக்கரணம் போட்டு, அவளை ஒருமுறை சுற்றிவந்து செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அவருடைய அப்பா வெற்றிலைத் தட்டை அவள் காலடியில் வைத்துவிட்டு, "புதுசா லோன் போட்டிருக்கறேன் தாயி, விக்கினமில்லாம முடியோணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்து வந்த மாப்பிள்ளையும் அதையே செய்தான். அவனுக்கு உடல் பருமன், எழுந்திருக்கக் கைகொடுக்க வேண்டியிருந்தது.

"என்ன கெரகமடா சாமி இது" என்று அவள் அம்மா பொன்னாத்தா தலையில் கைவைத்துக்கொண்டாள். "வர்றவனெல்லாம் பொண்ணு பாக்க வர்றானா, நேந்துக்கிட்டு வர்றானா?"

நேர்ந்துகொண்டுதான் வந்தார்கள். விஷயம் பரவியதும், ஊரில் எதை ஆரம்பிப்பதென்றாலும் கலாமணியிடம் வந்துதான் ஆரம்பித்தார்கள். புது மொபெட் டயரில் எலுமிச்சம்பழம் வைத்து அவள் கடைவாசலில்தான் நசுக்கினார்கள். திருச்செங்கோட்டிலிருந்து வந்த போர்வெல் வண்டிகள் அவளைப் பார்த்து ஹாரன் அடித்துவிட்டுத்தான் எங்கேயும் துளை போடப் போயின. காலையில் ஷட்டரைத் தூக்கினால் வாசலெல்லாம் தேங்காய்ச் சில்லு. கல்லாவில் அருகம்புல், மேசைக்கடியில் மூஞ்சூறு, டிபன் பாக்ஸில் கொழுக்கட்டை. யாரும் அவளைக் கும்பிடுகிறோம் என்று நினைத்துக் கும்பிடவில்லை. மழை வந்தால் குடை விரிக்கிற மாதிரி இயல்பாகச் செய்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

"தும்பிக்கை மட்டுந்தானுங்க பாக்கி" என்று போனில் அவள் சொன்னபோது சென்னியப்பன் சிரிக்கவில்லை. அடுத்த பஸ்ஸில் வந்தான்.

வந்தவன் ராம் என்கிற நினைவகச் சில்லுகளைக் கழற்றி மாற்றிப் பார்த்தான், கட்டங்கள் கலந்தன. சூடு ஏறுகிறதோ என்று பெட்டியைத் திறந்துவைத்து டேபிள் ஃபேனை நேராகத் திருப்பினான், குளிர்ச்சியாகக் கலந்தன. பவர் சப்ளையை மாற்றினான், இன்னும் தெம்பாகக் கலந்தன. கடைசியில் இயந்திரம் உயிர் பெறும்போது வருகிற நீலத்திரைக்குள் போய், கேஷ் என்று இருந்ததை அணைத்துவிட்டுப் பார்த்தான். கலக்கவில்லை. ஆனால் காலையில் கேட்ட ஜாதகம் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வந்தது. அதை வாங்கிய தையல்காரருக்கு எல்லா யோகமும் வந்தது, மெல்ல வந்தது; அவர் மகன் முகூர்த்தத்தில் தாலி கட்ட ஆரம்பித்து மூன்றாம் முடிச்சுப் போடுவதற்குள் பந்தி முடிந்து பந்தல் பிரித்துவிட்டார்கள்.

"புடிபட்டுருச்சுங்க" என்றான் சென்னியப்பன். "சமையக்கட்டு தூரத்துல இருக்குது. பந்தியில கேக்கறதுக்கெல்லாம் அங்க ஓடுனா ஆகுமுங்களா? அதுனால வாளியோட ஒருத்தரு எலைக்குப் பக்கத்துலயே நிக்கறாரில்லீங்க, அவருதான் கேஷ். இந்த போர்டுல இருக்கறவரு வயசானவரு. அறுபத்தாறு வரைக்கும் கேட்டதக் கேட்ட எலைக்குப் போட்டாரு. இப்ப நூறு வேகத்துல சாப்பிடறாங்க. அவரு என்ன பண்ணுவாரு பாவம், ரசம் கேட்ட எலையில கையில இருக்கற பாயசத்த ஊத்திப்போட்டு ஓடறாரு."

"அவர மாத்த முடியாதுங்களா?"

"மெட்ராஸ்ல கெடைக்குமுங்க. இதவிட வேகமான சில்லு." அவன் அவளுடைய ஜாதகத்தைக் கேட்டான். கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அதைப் பிள்ளையார் ஜாதகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். கல்யாணத்தைச் சொல்லும் ஏழாம் கட்டம் அவருக்கு எப்படி இருந்ததோ அச்சு அசல் அப்படியே அவளுக்கும் இருந்தது. அரசமரத்தடி, ஏகாந்தம், எல்லோரும் வந்து கும்பிட்டுவிட்டுப் போவார்கள், ஒருத்தரும் கூட உட்காரமாட்டார்கள். சென்னியப்பனுக்கு முகம் செத்துப்போனது. ஜம்பரை மாற்றியது அவன் கை. இன்னொண்ணு போட்டுப் பாருங்க என்று சொன்னது அவன் வாய்.

"ஏனுங்க" என்றான். இந்த முறை மின்விசிறியைப் பற்றிப் பேசுவதில்லை என்று முடிவு செய்தவன் மாதிரி நிமிர்ந்தான். "நான் என்ன சொல்ல வர்றேன்னா, எனக்கு உங்கள…" என்றவன் கைகள் தாமாக எழுந்தன, மாறின, காதுகளைப் பிடித்தன, முழங்கால் மடங்கியது. காதிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் தெறித்து விழ, கண்ணில் நீர் முட்ட, அவன் தோப்புக்கரணம் போட்டுக்கொண்டே இருந்தான். கலாமணி பார்க்க மாட்டாமல் ஷட்டரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். இத்தனை வருஷம் கழித்து அவன் வாய் திறந்தான், அதை அவளால் கேட்க முடியவில்லை. அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது.

கடிதம் எழுதிப் பார்த்தான். உறையைப் பிரித்தால் தாள் முழுக்கப் பிள்ளையார் சுழி. அதைத் தாண்டி ஓர் எழுத்தும் அவன் பேனாவில் இறங்கவில்லை. போன் செய்தான். அவளுக்கு மூச்சிரைப்புதான் கேட்டது. ரிசீவரைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு கண்ணாடிக் கூண்டுக்குள் எழுந்தும் உட்கார்ந்தும் கொண்டிருந்தவனைப் பார்த்து, கோயமுத்தூர் பூத்துக்காரர் கதவைத் தட்டி டாக்டரை அழைக்கட்டுமா என்று கேட்டாராம்.

சென்னியப்பன் மெட்ராஸுக்குப் போய்ப் புது கேஷ் சில்லுகளை வாங்கித் தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்திக் கொண்டுவந்தான். அதற்குள் சேதி எட்டி, கடைக்கு முன்னால் ஊரே திரண்டிருந்தது. முன்வரிசையில் செங்கோடப்பன்.

"தம்பி, பெட்டியத் தொடாதீங்க" என்றார். "பாதி ஊரு என் பின்னால நின்னு இப்பத்தான் தல தூக்குது. மீதி ஊரு காத்திட்டிருக்குது."

"அம்மிணிக்குக் கல்யாணம் ஆகோணுமல்லங்க" என்றான் சென்னியப்பன் தரையைப் பார்த்து.

"கல்யாணம் ஆயி வேற ஊருக்குப் போயிட்டா நாங்க ஆருகிட்டங்க போய் ஆரம்பிக்கறது?" என்றான் நாச்சிமுத்து. அவனுடைய காளை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சென்னியப்பனைப் பார்த்து வாஞ்சையாக நின்றது. கலாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சில்லு மாத்த வேண்டாமுங்க, என்னோடத மட்டும் இன்னொரு தடவ அடிச்சுக்கறேன்" என்றாள் அவள்.

"மனுஷருக்கு ஆயுளுக்கு ஒண்ணுன்னு தீர்மானமாச்சே அம்மிணி. நீயுந்தானே கை தூக்குன? உனக்கு விட்டா அப்பறம் வேலுமணி விடுவானா?" வேலுமணி விடமாட்டேன் என்று பின்வரிசையிலிருந்து தலையாட்டினார். அவரைச் சுற்றி நாலடிக்கு யாரும் நிற்கவில்லை.

கலாமணி சென்னியப்பன் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, பெட்டிய அணைச்சுப் போட்டா அந்த வாளிக்காரரு கையில என்னங்க இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காதுங்க. காலி வாளி. காலையில மொதல்ல ஆரு வர்றாங்களோ அவங்களுக்கு மட்டும் சுத்தமா அவங்களோடதே வருமுங்க. ஆனா மொதல்ல பிள்ளையாரத்தானுங்களே போடறோம்."

"ஆமாங்க" என்றாள் கலாமணி. வாசல்படியில் ஏறி நின்றாள். காலடியில் தேங்காய்ச் சில்லு நறநறத்தது. இத்தனை நாள் கொழுக்கட்டையைத் தின்று தின்று பேசாதிருந்தவளுக்கு ஒரேயடியாகக் கோபம் வந்தது. "நான் ஒண்ணு கேக்கறேனுங்க. நான் ஆருங்க? மனுஷின்னா உங்க தேங்காயெல்லாம் பொறுக்கிக்கிட்டு வூட்டுக்குப் போங்க, நாளையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் என் வாசலுக்கு வரப்படாது. இல்ல, நான்தான் ஆரம்பம்னா, ஆரம்பமா இருக்கறவள மொதல்ல போடுங்க. பிள்ளையாருக்குத் தெனமும் ஜாதகம் அடிக்கறீங்க, அவருக்குத் தீர்மானம் கெடையாது. எனக்கும் கெடையாது. நாளையிலிருந்து தெனமும் மொத ஜாதகம் என்னுது. அவரு ரெண்டாவது. எது வேணும்னு சொல்லுங்க."

ஊர் யோசித்தது. எந்தப் பக்கம் போனாலும் முட்டியது. அவளை மனுஷி என்றால் அடுத்த முகூர்த்தத்துக்கு வாங்கிவைத்திருந்த தேங்காய் மூட்டைகள் கதி என்ன? சாமி என்றால் சாமி சொல்வதைத் தட்டுவது எப்படி? செங்கோடப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார், எடுத்து உதறினார், மறுபடி போட்டார். பிள்ளையாரை விட்டுவிட்டு ஆரம்பிக்கப் போகிறோமே என்று யாருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. அவளைக் கும்பிட்டுத்தானே ஆரம்பிக்கப் போகிறோம். இது ஊரின் கணக்கு. அதில் ஓட்டை இருந்ததா என்று பார்க்க அப்போது யாருக்கும் பொறுமையில்லை.

"சரி, சாமியே சொல்லும்போது நாம ஆரு" என்றார் செங்கோடப்பன்.

மறுநாள் கடை திறந்ததும் கலாமணி தன் பேரை முதலில் தட்டினாள். அதற்கடுத்து பிள்ளையார், அதற்கடுத்து கிணறு. தன் ஜாதகத்தைக் கையில் எடுத்துக் கல்யாணக் கட்டத்தைப் பார்த்தாள். அங்கே சுக்கிரன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மடித்து வைத்துக்கொண்டாளே தவிர, நம்புவதற்குப் பயமாக இருந்தது. காகிதத்தில் என்ன இருந்தால் என்ன, அந்த மனுஷன் வாயிலிருந்து முழு வாக்கியம் வரட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று மதியம் அவள் வாசலில் ஒரு டிராக்டர்காரர் தேங்காயை ஓங்கி அடித்தார். உடையாமல் உருண்டு பஞ்சர் கடைக்குள் போனது. "சக்தி திரும்பிப் போயிருச்சு" என்று சொல்லிவிட்டு அவர் தேங்காயை எடுத்துக்கொண்டு அரசமரத்தடிப் பிள்ளையாரிடம் போனார். அங்கேயும் உடையவில்லை. மணி ஒன்றரை. பூசாரி வந்து பார்த்து, வேறு தேங்காய் வரவழைத்துப் பார்த்து, கடைசியில் இரண்டு மணி அடித்ததும் அதே தேங்காய் தொட்டவுடன் பிளந்துகொண்டது.

பிள்ளையாருக்குக் கலாமணியின் தொழில் கட்டம் போயிருந்தது. கொடுத்த வாக்கை மீற யாருக்கும் துணிச்சலில்லாததால் தினமும் அவள் பேரே முதலில் விழுந்தது. காலை ஒன்பது மணிக்கு மேல்தான் அவர் வரம் கொடுத்தார். ஒன்றிலிருந்து இரண்டுவரை சாப்பாட்டு நேரம். மாலை ஆறு மணிக்கு மேல் எத்தனை கற்பூரம் கொளுத்தினாலும் காரியம் ஆகாது. கரண்ட் போனால் கரண்ட் வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஞாயிறு விடுமுறை. பூசாரி இதையெல்லாம் ஒரு தகரத்தில் எழுதி அரசமரத்தில் மாட்டிவிட்டார். விடியற்காலை முகூர்த்தம் வைத்திருந்தவர்கள் பத்து மணிக்கு மாற்றிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பிறக்கிற குழந்தைகளைத் திங்கட்கிழமை வரைக்கும் பொறுத்துக்கொள்ளச் சொல்லி மருத்துவச்சியிடம் மன்றாடினார்கள். எப்படியோ சமாளித்தார்கள். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை கேட்ட வரத்துக்கு, பிள்ளையார் கனவில் வந்து, "ரிப்பன் தீந்துபோச்சு, செவ்வாய்க்கிழமை வாங்க" என்று சொன்னதாகப் பூசாரி வந்து நின்றபோது செங்கோடப்பனுக்கே பயம் வந்துவிட்டது. மெக்கானிக்குக்குப் போன் போடச் சொல்லிவிட்டார்.

சென்னியப்பன் சனிக்கிழமை மத்தியானம் வந்தான். தொட்டியில் கை கழுவினான். தீப்பெட்டியைத் திறந்து, பழைய சில்லுகளை நகத்தால் நெம்பி எடுத்துவிட்டுப் புதியவற்றைக் காலில் கால் பொருந்த அழுத்தி வைத்தான். நூறு மெகாஹெர்ட்ஸில் ஓடவிட்டு, சோதனைக்கென்று செங்கோடப்பன் விலக்குக் கொடுத்திருந்ததால் காளைக்கு ஒன்றும் மேனேஜருக்கு ஒன்றுமாக அடித்துப் பார்த்தான். மாடு மாடாகவும் மேனேஜர் மேனேஜராகவும் வந்து விழுந்தார்கள். காளை மட்டும் அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் கோயமுத்தூர் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தது, அது பழக்கதோஷம்.

"இன்னைக்கு அவருக்கு அடிச்சாச்சுங்க, திங்கக்கெழமை காலையில பிள்ளையாரப் போட்டீங்கன்னா அவருக்கும் சரியாப்போயிருமுங்க" என்று சொல்லிப் பெட்டியை மூடினான் சென்னியப்பன். நாலு திருகாணியையும் முடுக்கினான். முடுக்கி முடித்ததையே இன்னொருமுறை முடுக்கினான். ஸ்க்ரூ டிரைவரைக் காதில் செருகிக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"ஏனுங்க" என்றான்.

கலாமணி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கூட்டம் இல்லை, ஊர் சாப்பிடப் போயிருந்தது. அவன் வலது கை மேலே எழுந்தது. எழுந்த கை காதை நோக்கிப் போனது. சுக்கிரன் பொய், சில்லு பொய், இந்த ஜென்மத்துக்கு இவ்வளவுதான் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

மேசைமேல் ஏதோ வைக்கிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தாள். காதிலிருந்து எடுத்த ஸ்க்ரூ டிரைவர் மேசையில் கிடந்தது. சென்னியப்பன் நின்றுகொண்டிருந்தான். அவன் முழங்கால் மடங்கவில்லை.

"நான் உங்களக் கட்டிக்கலாம்னு இருக்கறேனுங்க" என்றான். சொல்லி முடித்துவிட்டோம் என்பதே அவனுக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை. இரண்டு கையையும் தூக்கிப் பார்த்துக்கொண்டான். பிறகு மூச்சு விடாமல், "எங்கம்மாவப் பொண்ணு கேக்க நாளைக்கே வரச் சொல்லட்டுங்களா?" என்றான். சொன்ன கையோடு முகம் மாறியது. "அய்யோ, நாளைக்கு ஞாயித்துக்கெழமைங்களே. பிள்ளையார் லீவாச்சுங்களே. அவரில்லாம எப்புடி…"

கலாமணி வாசலைப் பார்த்தாள். அரசமரத்தில் தகரம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"லீவுல இருக்கட்டுமுங்க" என்றாள். "இத்தன நாளா அவரு எடத்துல நானல்லங்க ஒக்காந்திருந்தேன். நீங்க நாளைக்கே வரச் சொல்லுங்க."